அலமாரி மேல் அடைந்த கிராணி

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தை கோழிகளை எண்ணினார். நான்கு. மறுபடியும் எண்ணினார். நான்குதான்.

கூட்டுக்குள் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலில் ஐந்தாவதன் இடம் காலியாக இருந்தது. முழுக்க இருட்டவில்லை. மலாக்காவின் காஜா பேராங் சாலையில் இன்னும் விளக்குப் போடாத நேரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை மாமாவின் வீடு. முன்கதவு சாத்தியிருந்தது. குடும்பம் முழுவதும் வாசலில் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. பின்பக்க ஜன்னல் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. அதன் வழியாகச் சாம்பிராணிப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. அதே ஜன்னல் வழியாக, அவசரமே இல்லாமல், ஒரு கறுப்பு வால் உள்ளே போயிற்று.

அத்தை என் முழங்கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"தம்பி, கிராணி உள்ள போயிருச்சுடா."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நில அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். ஒரு கோழி ஜன்னல் ஏறியதற்கு வளர்ந்த மனிதர்கள் இருவர் ஏன் இப்படி வேர்த்துப்போய் நிற்க வேண்டும்? அதைச் சொல்வதற்கு முன் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தொடரைப் படித்து வருகிறவர்கள் வியப்படைய மாட்டார்கள். என் வாழ்க்கையில் எல்லாமே ஒரு காகிதத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

காகிதத்தில் கப்பலேறியவர்

அத்தை சின்ன வயதில் கப்பலில் வந்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் போன கொஞ்ச நாளில் என் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்; அம்மா அதற்கு முன்பே. காஜா பேராங்கில் ஒரு பலகை வீடும் அதற்குள் ஒரு பையனும் மிச்சம். அத்தை தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, என்னை வளர்க்க உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து அலுவலக எழுத்தரை நம்மவர்கள் கிராணி என்போம். அந்தத் தோட்டத்துக் கிராணி, பேரேட்டில் அத்தையின் பெயருக்கு எதிரே காரணம் எழுத வேண்டியிருந்தது. 'அண்ணன் மகனை வளர்க்கப் போனார்' என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது. 'இந்தியா திரும்பினார்' என்று எழுதிவிட்டார். அவருக்கு வேலை முடிந்தது.

பத்து வருடத்துக்கு மேல் இது யாருக்கும் தெரியாது. நாடு விடுதலை பெற்றது. வெளியில் பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். அதற்கு ஒரு கெடுவும் வைத்தார்கள். நான்தான் அத்தையின் மனுவை நிரப்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், மூன்று படிகளில், ஊசி குத்த வேண்டிய மூலையில் ஊசி குத்தி.

பதிலாக ஒரு பழுப்பு உறை வந்தது. தோட்டத்தை விசாரித்ததில், மனுதாரர் இந்தியா திரும்பிவிட்டதாகத் தெரிகிறது. ஆகவே மனுதாரர் விளக்கமளிக்க வேண்டும்.

நாட்டை விட்டுப் போய்விட்டவர் தாம் போகவில்லை என்று விளக்க வேண்டுமாம். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"அப்ப நான் போய்ட்டேன்னு எழுதியாச்சா?"

"ஆமா அத்தே."

"எழுதுனபடி செஞ்சுருவானுங்கடா. நீதான் சொல்லுவியே, எழுத்துதான் பேசும்னு."

சொல்லியிருந்தேன். நூறு தடவை சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து அத்தை தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துக் கதவருகே வைத்துக்கொண்டார். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பங்கரைக்குப் போய்விடுவார். தண்ணீர்ப் பானையைத் திறப்பார், மூடுவார், திறப்பார்.

விதிகளைப் புரட்டினேன். ஒரு வழி இருந்தது. இந்த மண்ணில் பிறந்து, மனுதாரரை நீண்ட காலமாக நேரில் அறிந்த ஒருவர், அவர் எங்கும் போகவில்லை என்று கையெழுத்திட்டு, அதிகாரி முன் வந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தார். அவர்தான் பிள்ளை மாமா.

தோட்டத்து நிர்வாகம், கோழிக்கூட்டில்

அத்தைக்குத் தோட்டத்தை விட்டு வந்தும் தோட்டம் விடவில்லை. கோழிகளுக்கு அந்த வரிசையிலேயே பெயர் வைத்திருந்தார்.

சேவல் மண்டோர். ஆள்களை விரட்டி வேலை வாங்குகிறவனைப்போல் நாளெல்லாம் கத்துவான். மழைத்தூறல் விழுந்தால் முதலில் கூட்டுக்குள் ஓடுவான்.

வெள்ளைக் கோழி துரைசாணி. மற்றவர்களோடு மூங்கிலில் அடைய மாட்டாள். கூட்டின் கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு ஒற்றைப் பலகை உண்டு. அங்கே தனியாக ஏறி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்காருவாள்.

கங்காணி என்று ஒரு செம்பழுப்புக் கோழி. மூங்கிலில் நடு இடம் அவளுடையது. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் கொத்த மாட்டாள். பக்கத்தில் ஏறி, மெல்ல, மிக மெல்ல நகர்ந்து நெருக்குவாள். ஓரத்தில் இருப்பவர் விழும்வரை நெருக்குவாள். பிற்காலத்தில் அரசாங்க அலுவலகங்களில் பதவி உயர்வு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கங்காணியின் ஞாபகம் வரும்.

ஆயா என்பவள் எப்போதும் அடைகாக்கும் கோழி. முட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் பழைய டென்னிஸ் பந்தின் மேல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தாள். பந்து பொரிக்காததில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது, கறுப்பி. அவளுக்குத்தான் கிராணி என்று பெயர். பழைய பெயரை மாற்றி அத்தை இதை வைத்தது, பழுப்பு உறை வந்த மறுநாள்.

"கிராணி! ஏய் கிராணி! நாசமாப் போற கிராணி, எங்கடி போயித் தொலைஞ்சே?"

நாள்தோறும் சாயங்காலம் இந்த அர்ச்சனை நடக்கும். இதில் எவ்வளவு கோழிக்கு, எவ்வளவு தோட்டத்துக்கு என்று நான் கேட்டதில்லை.

ஒரு சிறகா, இரு சிறகா

கிராணி எங்கள் வீட்டில் பிறந்தவள் அல்ல. பிள்ளை மாமாவின் அக்கா, ஒரு தீபாவளிக்கு முறுக்குத் தட்டைத் திருப்பித் தரும்போது தட்டோடு கொடுத்த விடைக் கோழி. அந்த அம்மாளைத் தெருவே மாக் லோங் என்று அழைக்கும். வீட்டுக்கு மூத்தவர் என்று பொருள்.

பகலெல்லாம் கிராணி எங்கள் கொல்லையில் மேய்வாள். வெளிச்சம் மங்கும்போது வேலியைத் தாண்டிப் போய், தான் குஞ்சாக இருந்த வீட்டின் பின் ஜன்னலில் அடைவாள். கோழிகளின் குடியுரிமைச் சட்டம் நம்முடையதைவிட எளிமையானது. முதலில் எங்கே தூங்கியதோ அதுதான் அதன் ஊர். சாட்சி, கையெழுத்து, மூன்று படிகள், எதுவும் வேண்டியதில்லை.

பிள்ளை மாமா சிட்டி சமூகத்தவர். மூதாதையர் தமிழ் நாட்டிலிருந்து வந்து மலாக்காவில் ஊன்றி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கோயில், திருநீறு எல்லாம் நம்மைப் போலத்தான். வீட்டில் பேசுவது மட்டும் மலாய். சுங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுவார். ஜன்னல் கட்டையில் எச்சம் இருந்தால், அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்.

சாட்சிக் கையெழுத்துக் கேட்டு நான் போனபோது அவர் மறுக்கவில்லை. ஜன்னலைக் காட்டினார்.

"கையெழுத்துப் போடறேன். எங்க வீட்டுப் பார்ச்சுப் படையல் முடியட்டும். அதுவரைக்கும் அந்த ஆயாம் என் வீட்டுக்குள்ள ஒரு கால் வச்சாலும் என் கையெழுத்து இல்ல. சொல்லிட்டேன். நான் ரெண்டாவது தடவ சொல்ற ஆள் இல்ல."

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தந்திருக்கிறேன். ஆயாம் என்றால் கோழி. அந்தச் சொல்லை மட்டும் மாற்ற மனம் வரவில்லை; அவர் சொல்லும்போது அது ஒரு குற்றத்தின் பெயர் போல ஒலிக்கும்.

நான் முறைப்படி இறங்கினேன். விவசாய இலாகாவின் சிறு புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். பறக்கும் கோழிக்குச் சிறகு வெட்ட வேண்டும் என்று இருந்தது. கிராணியைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, அளவுகோல் வைத்து வெட்டினேன்.

ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும். அப்போதுதான் எழும்பும்போது சாயும், விழும். இரண்டையும் சமமாக வெட்டினால் சமமாகவே பறக்கும். கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஒரு சாண் ஜன்னல்

பார்ச்சு என்பது சிட்டி வீடுகளில் முன்னோர்க்குப் படைப்பது. பொங்கலையொட்டி ஒரு முறை. வருட நடுவில், பழங்கள் குவியும் காலத்தில், இன்னொரு முறை. டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் என்று வாசல்வரை மணக்கும். வாழையிலைகளில் சோறும் மீனும் கறியும் பலகாரமும் வைத்து, யார் யாருக்கு எது பிடிக்குமோ அதை அவரவர் இலையில் சேர்ப்பார்கள்.

பிள்ளை மாமா வீட்டு வழக்கம், படைத்த பிறகு எல்லாரும் வெளியே வந்து முன்கதவைச் சாத்திவிடுவது. வருகிறவர்கள் நிம்மதியாக உண்ண வேண்டும். அவர்கள் வருவதற்காகப் பின் ஜன்னலை மட்டும் மாக் லோங் ஒரு சாண் திறந்து வைப்பார். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில்கூடச் சத்தம் கூடாது. உள்ளே யார் வந்தாலும் விரட்டக் கூடாது, எறும்பைக்கூட.

ஆகவே அன்று சாயங்காலம் அத்தை வாயைத் திறக்கவில்லை. கிராணியும் வழக்கமான வசவு கேட்காததால், தடை ஏதும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"கூப்பிடட்டுமாடா?" என்றார் அத்தை, காற்று மாதிரி.

"வேணாம் அத்தே. எல்லாரும் நிக்கிறாங்க."

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. இலை கிழிகிற சத்தம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. சாமி பெயராக இருக்கும் என்று குனிந்து கேட்டேன். கப்பல், கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கதவு திறந்தது. விளக்கை ஏந்தி மாக் லோங் உள்ளே போனார். பிறகு ஒரு அலறல்.

வேலியிலிருந்த படலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.  ஒரு படியில் தடுக்கினேன்.

வரிசையில் முதல் இலை, அவர்களுடைய அம்மாவுக்குப் படைத்தது. சோறு கிளறப்பட்டிருந்தது. மீனின் நடுப்பகுதியைக் காணோம். கோழிக் குழம்பு மட்டும் வைத்தது வைத்தபடி.

"அம்மா வந்துட்டா!" மாக் லோங் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். "பாரு, கோழியத் தொடல. அம்மா கோழி சாப்பிடவே மாட்டாளே!"

பிள்ளை மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது. அதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பேனா மூடி

நான் மேலே பார்த்தேன். இலைகளுக்கு நேர் எதிரே உயரமான அலமாரி. அதன் உச்சியில், விளக்கொளி எட்டாத இடத்தில், ஒரு கறுப்பு உருண்டை. வயிறு நிறைந்து, கழுத்தை உள்ளே இழுத்து, கிராணி அடைந்திருந்தாள்.

கோழி அடைந்துவிட்டால் அதற்கு உலகம் கிடையாது. கண் தெரியாது, சத்தம் போடாது, கையில் எடுத்தால்கூடத் துணிமூட்டை மாதிரி இருக்கும். விடியும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்குள் ஏதாவது செய்யலாம். என் மனம் உடனே வரிசைப்படுத்திற்று: முதலில் கையெழுத்து, பிறகு கோழி.

பிள்ளை மாமாவே ஆரம்பித்தார். "தம்பி, அந்தத் தாளை எடுத்துட்டு வா. இன்னிக்கே போடறேன். அம்மா வந்த நாள்."

ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அவர் மூடியைக் கழற்றினார். சுங்க அலுவலகத்துப் பேனா, தடித்த நிப். விரலால் வரியைத் தேடிப் பிடித்தார்.

அத்தை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"பிள்ளே, எழுதாதீங்க."

எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"மேல பாருங்க," என்றார் அத்தை, தோட்டத்து மலாயில். "உங்கம்மா இல்ல. என் கோழி."

எல்லாரும் பார்த்தார்கள். கிராணி ஒரு கண்ணை அரைவாசி திறந்து, பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று மூடிக்கொண்டாள்.

  பிள்ளை மாமா பேனாவின் மூடியை எடுத்து, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை மூடினார்.

"கதவு சாத்தியிருக்கறப்ப வந்தத நான் விரட்டக்கூடாது. எடுத்துட்டுப் போங்க. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்."

மாக் லோங் அத்தையைப் பார்க்கவே இல்லை. முதல் இலையில் சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அத்தை நாற்காலியில் ஏறிக் கோழியை எடுத்தார். அது முனகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். வளர்த்தவரிடம் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் என்ன?

அத்தை கிராணியை மூங்கிலில் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

"ஒருத்தன் பொய் எழுதித்தான் நான் இந்தக் கதியில நிக்கிறேன். அதை அடிக்க இன்னொரு பொய்யா? அந்த அம்மா அழுதுச்சே, பாத்தியா நீ?"

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளை வெளியே எடுத்து, திரும்ப மடித்து அடுக்கினார். பயணத்துக்கு மடிக்கும் மடிப்பு. அதைப் பார்த்த பிறகு என்னால் கத்த முடியவில்லை.

விதியில் இல்லாத சொல்

மறுநாள் காலை கொல்லைப்புறக் கதவைத் தட்டும் சத்தம். தபால்காரர் பின்பக்கம் வரமாட்டார் என்று தெரிந்தும் அத்தை சமையலறை மூலைக்குப் போனார்.

மாக் லோங் நின்றார். கஞ்சி போட்ட கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங், நல்ல செருப்பு. கண் வீங்கியிருந்தது.

"என் தம்பி சொன்ன சொல்லு மாறமாட்டான். பிடிவாதக்காரன்," என்றார் என்னிடம். "நானும் இங்கதான் பிறந்தேன். அவனுக்கு முந்தியே பிறந்தேன். என் பேரு அந்தத் தாள்ல ஏறாதா?"

நான் வாய் திறந்தேன். ஏறாது என்று சொல்லத்தான் திறந்தேன். விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'இந்நாட்டில் பிறந்த ஒருவர்' என்று இருந்தது. வீட்டுத் தலைவர் என்றோ ஆண் என்றோ எங்கும் இல்லை. இல்லாததை நானாகவே சேர்த்துப் படித்திருக்கிறேன், அத்தனை வாரமும்.

அத்தை தயங்கித் தயங்கி வெளியே வந்தார். மாக் லோங் அவர் பக்கம் திரும்பினார்.

"அரை மணி நேரம் எங்கம்மா வந்துட்டான்னு இருந்தேன். அதப் பறிச்சுட்ட நீ. எனக்குக் கோவம் இருக்கு, இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்." சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டார். "பேனா தாளைத் தொடப் போச்சு. அப்பவும் உண்மையச் சொன்னியே. உனக்கு நான் போடாம யாருக்குப் போடறது? சேலைய மாத்து, கெளம்பு."

அலுவலகத்தில் இளம் அதிகாரி ஒருவர். புது நாற்காலி, புது மை. தோட்டத்துக் கடிதத்தை எடுத்து மேலே வைத்தார். வழியெல்லாம் மாக் லோங்குக்கு நான் பதில்கள் சொல்லிக்கொடுத்திருந்தேன்: இத்தனை ஆண்டுகள், இந்த முகவரி, இடைவெளி இல்லை. அத்தையின் கை என் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது.

"இந்தியா திரும்பினார்னு எழுதியிருக்கு," என்றார் அதிகாரி. "இவங்க நடுவுல எங்கயும் போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாக் லோங் நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் சொல்லவில்லை.

"துவான், தினமும் சாயங்காலம் எங்க வீட்டுக்குப் பின்னால நின்னு இது கோழியத் திட்டும். இத்தனை வருஷத்துல, நேத்து மாதிரி நாங்க படைக்கிற நாள்ல மட்டுந்தான் சத்தம் இருக்காது. அதுவும் எங்களுக்காக. இந்தியாவுல நின்னு திட்டினா காஜா பேராங்குல கேக்குமா?"

அதிகாரி பேனாவை வைத்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். சுவரில் காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட்டது, பன்னிரண்டு எண்ணினேன்.

பிறகு முத்திரையை எடுத்தார்.

வெளியே ஐந்தடி எனப்படும் கடைமுன் நடைபாதையில், நிழலில், அத்தை அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மாக் லோங் சாலையோரம் போய் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எழுதுனதை இது அழிச்சிருமாடா?"

"அழிக்காது அத்தே. ரெண்டும் இருக்கும். ஆனா இதுதான் பின்னாடி எழுதுனது. பின்னாடி எழுதுனதுதான் செல்லும்."

அத்தை சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இதுக்கும் பின்னாடி ஒருத்தன் எழுதுனா?"

அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்தேன். மூன்று துறைகள், எண்ணிலடங்காத விதிப் புத்தகங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அத்தையும் கதவருகிலிருந்து பெட்டியை எடுக்கவில்லை, கடைசிவரை.